டெண்டருக்குப் பொருத்தம் பார்த்தவர்

செங்கல்பட்டு ரயிலடியிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை ஊழலை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தவர்களை எனக்குத் தெரியும். கொடி பிடித்தவர்களைத் தெரியும். மொட்டைக் கடிதாசி போட்டவர்களை அவர்கள் கையெழுத்து உட்படத் தெரியும். ஆனால் கக்கத்தில் ஜாதகக் கட்டை இடுக்கிக்கொண்டு ஊழலை ஓட ஓட விரட்டிய மனிதர் இந்தப் பூவுலகில் ஒரே ஒருவர்தான். அவர் பொருத்தம். இதற்கு மேல் ஒரு ஆளைக் காட்டுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

பொருத்தம் என்பது அவர் பெயரில்லை, தொழில். கல்யாணத் தரகர். ஐம்பது வயது, நாலு முழ வேட்டி, அரைக்கைச் சட்டை, பிதுங்கி வழியும் ரெக்ஸின் பை, ஒரு மொபெட். அந்த மொபெட்டை நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்பது கிரக நிலையைப் பொறுத்தது. ஆகவே நிறுத்தவே மாட்டார். ஓடவிட்டபடியே, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசுவார். "பொண்ணுக்கு ஒரு பல்லு எக்ஸ்ட்ரா கீது, பரவால்லியா?" என்று அவர் கேட்கும் ரகசியம் மூன்று தெருவுக்குப் போய்ச் சேரும்.

அவர் தலைக்குள் இருந்தது மூளையே அல்ல, சுற்றுவட்டாரம் முழுவதன் உறவுமுறைப் பட்டியல். யார் யாருக்கு மச்சான், எந்த வீட்டுப் பெண்ணை எந்த ஊரில் கொடுத்தார்கள், யாருடைய சகலை யாருக்குச் சம்பந்தி, எல்லாம் அத்துப்படி. இந்து, கிறிஸ்தவர், குப்பம், காலனி, அணுமின் நிலையக் குடியிருப்பு என்ற பேதமே கிடையாது. தனி மனிதன் என்று ஒருவன் உலகத்தில் இருப்பதையே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்த ஞானம் பொதுவாழ்க்கைக்குப் பயன்பட்டதை நான் முதலில் பார்த்தது ஒரு தனியார் பஸ்ஸில். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தோம். நடுவில் ஒரு பிக்பாக்கெட் பிடிபட்டான். பர்ஸ் மட்டும் அவனிடம் இல்லை. நாலு பேர் அடிக்கக் கை ஓங்க, கண்டக்டர் குறுக்கே பாய்ந்தார். "வுடுங்க சார், பாவம். அடுத்த ஸ்டாப்ல எறக்கி வுட்டுடறேன்."

பின் சீட்டிலிருந்து பொருத்தம் எழுந்து வந்தார். பிக்பாக்கெட்டின் முகத்தைப் பெண் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"உங்க அம்மாவுக்கு எந்த ஊரு நைனா?"

"படாளம்."

"ரைஸ் மில்லுக்குப் பின்னாலயா?"

"ஆமா."

"உங்க பெரியம்மா பொண்ண எங்க குடுத்துகீறாங்க?"

அவன் கண் கண்டக்டர் பக்கம் ஓடியது. பொருத்தம் மெதுவாகக் கண்டக்டர் பக்கம் திரும்பினார். "உனுக்கு மாமியார் வூடு படாளம்தான? ரைஸ் மில்லுக்குப் பின்னால?"

கண்டக்டர் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது.

"டிக்கெட் கிழிக்கறது மாமன், பாக்கெட் கிழிக்கறது மச்சான்! குடும்பமா சேந்து கம்பெனி நடத்திகினு கீறாங்கப்பா!" என்றார் பொருத்தம். பர்ஸ் கண்டக்டரின் தோல் பைக்குள்ளிருந்து கிடைத்தது. அன்று அந்த பஸ்ஸில் எழுந்த கைதட்டலை நான் எந்த அரசியல் கூட்டத்திலும் கேட்டதில்லை.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஆபீசில். தொண்ணூறுகளின் பிற்பாதி. தேர்வு எழுதி, விருதுநகர்ப் பக்கமிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கடலோரத்துப் பேரூராட்சி ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். ஊருக்குச் சவுக்குமேடு என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேண்டாம். எனக்குக் கொடுத்த இருக்கை பிறப்பு இறப்புப் பதிவேடு. பொருத்தம் அதன் நிரந்தர வாடிக்கையாளர்.

ஜாதகத்தில் வயதைக் குறைப்பதில் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் சமர்த்தர்கள். பொருத்தம் எவரையும் நம்ப மாட்டார். நேராக ஆபீசுக்கு வந்து பதிவேட்டைப் புரட்டச் சொல்லுவார்.

"இருபத்தொம்போதுன்னு சொல்லிகினு கீறான் சார். தலையில பாதி மயிரு கெடையாது. கொஞ்சம் பாரு."

பார்த்தால் முப்பத்தாறு இருக்கும். பொருத்தம் ஒரு பெருமூச்சு விடுவார். "பொறந்த தேதிலியே பொய் சொல்றவன் அப்பால இன்னாத்துல சார் உண்ம பேசுவான்?"

ஒருநாள் விளையாட்டாக, அவருடைய பதிவையே தேடி எடுத்தேன். அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள். தகப்பன் பெயருக்கு நேராக 'ஆண்' என்று ஒரே ஒரு சொல். ஊரெல்லாம் உள்ளவர்களின் பிறப்பைத் துருவியவருக்குப் பதிவேட்டில் பெயரே இல்லை! அவரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஆணுன்னாவது எய்திகீறானே, அது போதும் சார். எங்க வூட்டம்மாவுக்கு அதுலகூட சந்தேகம்."

இப்படி இருந்த மனிதரைப் பொதுவாழ்க்கைக்கு இழுத்து வந்தது மீன் மார்க்கெட் ஏலம்.

மார்க்கெட்டில் கூடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை ஏலம் விடுவோம். தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். தலைவர் என்றால் பேரூராட்சித் தலைவர். எப்போதும் சிரித்த முகம், தோளில் துண்டு, யார் எது கேட்டாலும் "செஞ்சிடலாம்" என்பார். பக்கத்தில் எங்கள் செயல் அலுவலர். மூன்று பேர் ஏலம் கேட்டார்கள். ஒருவர் கொஞ்சம் ஏற்றினார், அடுத்தவர் அதற்கு மேல் கொஞ்சூண்டு ஏற்றினார், மூன்றாமவர் கொட்டாவி விட்டார். அதோடு எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"சார், ஒரு நிமிசம்!" வாசலிலிருந்து குரல். என்னைப் பார்க்க வந்திருந்த பொருத்தம். "தாம்பூலத் தட்டு எங்க சார்?"

"என்னய்யா தாம்பூலம்?" என்றார் செயல் அலுவலர்.

"பொண்ணோட அப்பா குந்திகினு கீறாரு. மாப்ள குந்திகினு கீறாரு. தாய்மாமன் கொட்டாவி வுட்டுகினு கீறாரு. நான் நிச்சயதார்த்தம்னு நென்ச்சேன். இது ஏலமா?"

அந்தக் கூடமே வெடித்தது. முதலில் கேட்டவரின் மகளைத்தான் இரண்டாமவருக்குக் கொடுத்திருந்தது. மூன்றாமவர் அந்தப் பெண்ணின் அம்மாவோடு பிறந்தவர். போன வருஷம் ஏலம் எடுத்தது யார் என்று பார்த்தால், சாட்சாத் அந்தப் பெண்ணே! மீன்காரம்மா ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். "அடப்பாவிங்களா! வருசா வருசம் கூடைக்கூலி ஏறுதே, யாரு வவுத்துக்குப் போவுதுன்னு இப்பதான தெரியுது! ஒரே சட்டியில துன்னுகினு போட்டியா போடுறீங்க?"

ஏலம் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த முறை மீன் விற்கும் பெண்களே சங்கமாகச் சேர்ந்து எடுத்தார்கள். அந்த மீன்காரம்மா ஒரு முழ நீள வஞ்சிரத்தைப் பொருத்தத்தின் மொபெட் ஹேண்டிலில் கட்டித் தொங்கவிட்டாள். அவர் அலறிக்கொண்டு அதை அவிழ்த்தார். "வாணாம் தாயி! இத்த வாங்கினா நானும் அவுங்க சம்பந்தி ஆயிடுவேன்!" வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவரை அவர் மனைவி என்ன சொல்லி வரவேற்றார் என்பது அச்சில் ஏற்றத்தக்கதல்ல.

அதற்குப் பிறகு மனிதருக்கு அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. தெருவிளக்கு வாங்குகிறார்களா, பொருத்தம் வந்துவிடுவார். பஸ் நிலையக் கடை ஏலமா, பொருத்தம் முதல் வரிசை. அவர் வாசலில் தலையைக் காட்டினால் போதும், கவுன்சிலர்கள் தங்கள் மச்சான்களைப் பின்கட்டு வழியாக அனுப்பிவைப்பார்கள். ஒருநாள் 'அலுவல் இல்லாதோர் உள்ளே வரக் கூடாது' என்று வாசலில் பலகை மாட்டினார்கள். பொருத்தம் அதை நின்று நிதானமாகப் படித்தார். மறுநாளிலிருந்து தினம் ஒரு பிறப்புச் சான்று கேட்டு மனு. உரிய கட்டணத்தோடு. "எனுக்கு அலுவல் கீது சார்" என்று நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அவரால் அந்த வருஷம் என் இருக்கையின் வேலை இரண்டு மடங்கு ஆனது.

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதில் என் மானமும் இருக்கிறது.

சவுக்குமேட்டுக் குப்பத்தில் நல்ல தண்ணீர் கிடையாது. எங்கு தோண்டினாலும் உப்பு. ஒரு மேல்நிலைத் தொட்டி ஏற்கெனவே இருந்தது. கட்டி மூன்று மழைக்காலம்கூடத் தாங்கவில்லை, எல்லாப் பக்கமும் ஒழுகி, குழாய்க்குப் போகவேண்டிய தண்ணீரை நேரடியாக ஆகாயத்திலிருந்தே வழங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டில் லாரிக்குக் காத்துக் கிடப்பார்கள். அந்தத் தொட்டியைக் கட்டியவரை ஊரில் ஜல்லி என்பார்கள். கான்ட்ராக்டர். சிமென்ட்டைத் தவிர எல்லாவற்றையும் தாராளமாகப் போடுவார். இப்போது குப்பத்துக்குப் புதுத் தொட்டி கட்ட உத்தரவு வந்திருந்தது. ஜல்லிக்குத்தான் கிடைக்கப்போகிறது என்று டீக்கடையில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும்.

"ஜல்லிக்கும் தலைவருக்கும் நடுவுல இன்னாவோ கீது" என்று பொருத்தம் துடித்தார். மதுராந்தகம் போனார், திருக்கழுக்குன்றம் போனார், மூன்று தலைமுறையைத் தோண்டினார். ஒன்றும் அகப்படவில்லை. தலைவரின் ஆட்கள் வேறு, ஜல்லியின் ஆட்கள் வேறு. கொடிவழியில்கூட ஒட்டவில்லை. அவர் தொழில் வாழ்க்கையிலேயே முதல் தோல்வி. "பேஜாரா கீது நைனா. ஒறவே இல்லாம எப்டி ரெண்டு பேரு இவ்ளோ பாசமா இருப்பாங்க?" என்று என் மேஜையில் தலையை வைத்துப் புலம்பினார்.

அந்தப் புலம்பலுக்கு நடுவிலேயே இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கல்பட்டில் நல்ல குடும்பம். எங்கள் ஆட்களில் ஒரு கிளை எப்போதோ இந்தப் பக்கம் வந்து தங்கியதாம். பெண் எம்.எஸ்சி. படித்தவர். பஜ்ஜி, கேசரி எல்லாம் நடந்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். அந்தக் கூடத்தில் ஓடி ஓடி எனக்கு பஜ்ஜி பரிமாறியவர் பெண்ணின் சித்தப்பா. அவர்தான் ஜல்லி.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பெண் அழகாக இருந்தார், பஜ்ஜி சூடாக இருந்தது. பொருத்தத்துக்கும் உறைக்கவில்லை. அவர் கண்ணுக்குக் கல்யாணம் வேறு, டெண்டர் வேறு. டெண்டர் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் செயல் அலுவலர் எனக்குக் கூடுதலாகக் கொடுத்தது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். திறமையைப் பார்த்துக் கொடுத்தார் என்று ஊருக்குப் பெருமையாகக் கடிதம்கூட எழுதினேன்.

டெண்டர் நாள் வந்தது. மூன்று மணிக்குப் பெட்டியை மூடி வாயில் காகிதம் ஒட்டி அரக்கு வைக்கவேண்டும். நான்கு மணிக்கு எல்லார் முன்னிலையிலும் திறக்கவேண்டும். மூன்று கவர் விழுந்திருந்தது. மணி மூன்றடித்ததும் மெழுகுவத்தியைக் கொளுத்தினேன். "என்ன அவசரம், மெதுவா பண்ணுங்க" என்றார் செயல் அலுவலர். மெதுவாகப் பண்ணினேன். மூன்று இருபதுக்கு ஜல்லி வந்தார். ஓடி வந்த மாதிரித் தெரியவில்லை. சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"ஜி.எஸ்.டி. ரோட்ல லாரி கவுந்துடுச்சு மாப்ள. போட்டுடுங்க."

நான் செயல் அலுவலரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். "உங்க சொந்தக்காரர் விஷயம், நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். ஆம், உண்மையாகவே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கவரை வாங்கினேன். முத்திரை குத்தினேன். அதன் பக்கத்தில் நேரம் எழுதவேண்டும். 2.50 என்று எழுதினேன். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. பெட்டிக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், ஜன்னலுக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் பொருத்தம். அன்றைய மனுவோடு உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மை ஒற்றும் பெட்டியைப் பார்த்தேன்.

நான்கு மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. தலைவர், செயல் அலுவலர், கவுன்சிலர்கள், நான்கு ஒப்பந்தக்காரர்கள். விஷயம் தெரிந்து குப்பத்துப் பெண்கள் பத்துப் பேர் குடத்தோடு வந்து வாசலில் நின்றிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து, மேலாகக் கிடந்த ஜல்லியின் கவரைக் கையில் எடுத்துக் கத்தரிக்கோலை வைத்தேன்.

"சார், ஒரு நிமிசம்!"

கூடம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. தலைவர் சிரித்தார். "வாய்யா பொருத்தம். எனுக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒறவு தேடி ஊரு ஊரா அலஞ்சியாமே? கெடச்சுதா?"

"கெடைக்கல தலைவரே. மூணு வாரமா மொபெட்டுக்குப் பெட்ரோல் ஊத்தி ஊத்தித் தேடுனேன். இப்பதான் கெடச்சுது. என் பையிலியே கீது."

ரெக்ஸின் பையைத் திறந்தார். மஞ்சள் நூலால் சேர்த்துக் கட்டிய இரண்டு ஜாதகங்களை எடுத்து உயர்த்திப் பிடித்தார். என் ஜாதகம் எனக்குத் தெரியாதா?

"மொதல்ல என்னப் பத்திச் சொல்லிடறேன். இது கான்ட்ராக்டரு அண்ணன் பொண்ணு ஜாதகம். இது, தோ கத்திரியோட நிக்கிறாரே, இந்தத் தம்பி ஜாதகம். முடிச்சுப் போட்டவன் நான். நாளிக்குத் தாம்பூலம் மாறுனா ரெண்டு வூட்லயும் எனுக்குத் தரகு. அதனால இந்த டெண்டரப் பத்திப் பேச எனுக்கே யோக்கித கெடையாது. இருந்தாலும் சொல்றேன். பொண்ணு வூட்டுக் கவர மாப்ள கையால பிரிக்கக் கூடாது. அவ்ளோதான்."

"உக்காருய்யா!" என்றார் ஒரு கவுன்சிலர்.

"குந்திக்கிறேன். வேற ஒண்ணும் நான் சொல்லமாட்டேன்." உட்காரும்போது மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

அவர் அதைச் சொல்லியிருக்கலாம். தம்பி நேரத்தை மாற்றி எழுதினான், என் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை போதும். என் வேலை அங்கேயே போயிருக்கும். அதைச் சொல்லாமல் எனக்காக விட்டுவைத்துவிட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு பெண் குடத்தை இடுப்பு மாற்றி வைத்தாள். அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. காலிக் குடம்.

என் வாய் திறந்துகொண்டது. "சார், இந்தக் கவர் மூணு இருபதுக்கு வந்தது. ரெண்டு ஐம்பதுன்னு நான்தான் எழுதினேன்."

"தம்பி, உளறாதீங்க!" என்றார் செயல் அலுவலர்.

"உளறல சார். நீங்க கை கழுவப் போனப்ப நான் வாங்கினது."

மதுராந்தகத்திலிருந்து வந்திருந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் துள்ளி எழுந்தார். "இத எழுதிக் குடுங்க தம்பி! எல்லார் முன்னாடியும் எழுதிக் குடுங்க!" எழுதினேன். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. ஆனாலும் எழுதினேன். தலைவர் முகத்திலிருந்து சிரிப்பு போன முதல் சம்பவம் என்று அதைப் பின்னால் ஊரில் சொன்னார்கள். ஜல்லி என் அருகில் வந்து "என்னங்க சார் இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார். மாப்பிள்ளையிலிருந்து சாருக்கு ஒரே நொடியில் வந்துவிட்டேன்.

பொருத்தம் எழுந்தார். பல்லால் மஞ்சள் நூலைக் கடித்து அறுத்தார். ஒரு ஜாதகத்தை ஜல்லியிடம் கொடுத்தார், இன்னொன்றை என் சட்டைப்பையில் செருகினார். வாசலில் குப்பத்துப் பெண்கள் குடத்தில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். காலிக் குடத்தில் தாளம் எவ்வளவு நன்றாக வரும் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

டெண்டர் ரத்தானது. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, ஊதிய உயர்வு நிறுத்தம், மதுராந்தகம் பக்கம் மாறுதல். செயல் அலுவலருக்கு ஒன்றும் ஆகவில்லை. கை கழுவியது குற்றமில்லை அல்லவா? ஊரிலிருந்து அம்மா எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து, ரூபாய் ஓட ஓட அழுதாள். "நல்ல சம்மந்தம்டா, போச்சேடா" என்றாள்.

எனக்குப் பொருத்தத்தின் மேல் அப்படியொரு கோபம். சரியாகச் செய்தேன் என்று தெரிந்தும் கோபம். பெட்டி படுக்கையோடு பஸ் ஏறிய அன்று அவர் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தார். மொபெட் எஞ்சின் அணைந்திருந்தது. அதை அவர் அணைத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். மதுராந்தகத்தில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். கீழே தெருவில் ஒரு சத்தம். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம். அதற்கு மேலே ஒரு குரல்.

"நைனா! பொண்ணு ஒண்ணு கீது! மறைமலைநகர்ல கம்பெனி வேல! பல்லு எல்லாம் கரீட்டா கீது!"

ஆபீசே ஜன்னலுக்கு ஓடியது. நான் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினேன்.

மெலிந்துபோயிருந்தார். "இன்னா, கோவம் போச்சா?" என்றபடி பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார். "குடி."

"என்னண்ணே இது?"

"குடி நைனா, அப்பால பேசலாம்."

குடித்தேன். வெயிலில் சூடாகியிருந்தது. ஆனால் நல்ல தண்ணீர். துளி உப்பில்லை.

"குப்பத்துத் தொட்டி. அந்த மதுராந்தகத்து ஆளுதான் கட்னாரு. ஒரு சொட்டு ஒழுகல. நீ பாக்கலியேன்னு புடிச்சாந்தேன்."

மிச்சத்தையும் குடித்து முடித்தேன். தொழில் எப்படி என்று கேட்டேன். ஜல்லி வகையறா, தலைவர் வகையறா, அவர்கள் சம்பந்தி வகையறா எல்லாரும் அவரைக் கைவிட்டுவிட்டார்கள். "செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஜாதகம்கூட வரல. பெரிய வூடுங்க எல்லாம் போச்சு. பரவால்ல, குப்பத்துல எல்லா வூட்லயும் எனுக்குத்தான் சொல்லிகீறாங்க." இதைச் சொல்லும்போது லாட்டரி விழுந்தவர் மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அப்புறம்தான் ஜாதகத்தோடு பிணைத்திருந்த மூன்று தாள்களை நீட்டினார். பெண்ணின் உறவினர்கள் யார் யார், எங்கே என்ன வேலை, எந்த ஆபீசில் என்ன காரியம் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். "பொண்ணோட மாமா சிமென்ட் வியாபாரம். பெரியப்பா பையன் ரோடு கான்ட்ராக்ட் எடுக்க ஆசப்பட்டுகினு கீறான். இதுல கீறவங்க ஃபைலு எது உன் டேபிளுக்கு வந்தாலும் எய்ந்து போயிடு. இத்த மொதல்லியே சொல்லிட்டேன். அந்தத் தபா சொல்லாம வுட்டது என் தப்பு நைனா."

தப்பு அவருடையதாம்!

அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொண்டேன். அந்த மூன்று தாள்களை வைத்துத்தான் இரண்டாயிரங்களில் செயல் அலுவலராகப் பதவி உயர்ந்தபோது பிழைத்தேன். பொருத்தம் சொன்னபடியே மனைவியின் பெரியப்பா மகன் ரோடு கான்ட்ராக்ட் கேட்டு வந்தான். உறவு இன்னதென்று நான் எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் கோப்பிலிருந்து விலகிக்கொண்டேன். வீட்டில் ஒரு வாரம் ரசத்தில் உப்பில்லை.

பொருத்தம் இப்போது தாம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. சும்மா இருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? போய்ச் சேர்ந்த ஆறே மாதத்தில், குடியிருப்போர் சங்கச் செயலாளரும் தண்ணீர் லாரி விடுபவரும் சகலைகள் என்று கண்டுபிடித்துப் பொதுக்குழுவில் எழுந்து நின்றுவிட்டார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். என் கல்யாணத்துக்கு அவர் ஒரு பைசா தரகு வாங்கவில்லை. செங்கல்பட்டு மண்டபத்தில் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். போட்டோகிராபர் முதலில் பெண் வீட்டாரைக் கூப்பிட்டார், அப்புறம் மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டார். எங்கள் பக்கம் விருதுநகரிலிருந்து வந்திருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். மேடையில் பாதி காலி. போட்டோகிராபர் தூண் பக்கம் பார்த்து, "பெரியவரே, நீங்க எந்தப் பக்கம்? பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று கேட்டார்.

ஜில்லா முழுவதற்கும் உறவுமுறை சொல்லுகிற மனிதர் திருதிருவென்று விழித்தார். நான் மாலையோடு மேடையிலிருந்து இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்க வூடு" என்றேன்.

அந்தப் படத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், என் மாலை கோணலாக இருக்கிறது, அம்மாவுக்குப் பாதி முகம்தான் தெரிகிறது. கல்யாண ஆல்பத்தில் எத்தனையோ நல்ல படங்கள் இருக்கின்றன. நாங்கள் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருப்பது இதைத்தான்.